வாசிக்கத் திணறும் மகன்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. தனியார் மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். பேச்சில் கெட்டிக்காரன். ஒருமுறை கேட்ட கதையை ஒரு சம்பவம் விடாமல் திருப்பிச் சொல்வான். அவன் அப்பா மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எந்தப் பாகத்தை எங்கே மாட்ட வேண்டும் என்று அவருக்கே எடுத்துக் கொடுப்பான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் முகம் வாடிவிடுகிறது. நேற்றுப் படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்த சொல்லைச் சொல்கிறான். தமிழிலும் கொம்பையும் புள்ளியையும் விட்டுவிட்டுப் படிக்கிறான். டிக்டேஷன் நாளன்று காலையில் வயிற்று வலி வந்துவிடுகிறது. மிஸ் அவனைக் கவனக்குறைவானவன் என்கிறார், இம்போசிஷன் எழுதச் சொல்கிறார். மாலையில் இரண்டு மணி நேரம் டியூஷனும் போகிறான். அவன் அப்பா பொறுமை இழந்து அடித்துவிடுகிறார். மாமியாரோ, “இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், எட்டாவதோடு நின்றுவிட்டான், வளர்ந்தால் சரியாகும்” என்கிறார். தமிழ் வழிப் பள்ளிக்கு மாற்றலாமா, அதே வகுப்பில் இன்னொரு வருடம் போடலாமா என்று தெரியவில்லை. இது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்குமோ என்று உறவினர் ஒருவர் சொன்னார். என் பிள்ளைக்குப் புத்தி குறைவா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புத்திக் குறைவு என்று எண்ணுவதற்கு உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறியும் இல்லை. ஒருமுறை கேட்ட கதையை முழுவதுமாகத் திருப்பிச் சொல்வதற்கும், பட்டறையில் அடுத்த பாகம் எது என்று அறிந்து எடுத்துக் கொடுப்பதற்கும் நினைவும் புரிதலும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். அவை உங்கள் மகனிடம் நன்றாகவே வேலை செய்கின்றன. கேட்டுப் புரிந்துகொள்வதில் இவ்வளவு தேர்ச்சி இருந்தும் அச்சிட்ட எழுத்தை வாசிப்பதில் மட்டும் இவ்வளவு திணறல் இருப்பதுதான் டிஸ்லெக்சியாவைச் சந்தேகிக்கச் செய்யும் முதன்மையான காரணம். கடிதத்தை வைத்து மட்டும் இதை உறுதிப்படுத்த என்னால் இயலாது, முறையான பரிசோதனை வேண்டும். ஆனால் அந்தப் பரிசோதனை முடியும்வரை நீங்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும், “வளர்ந்தால் சரியாகும்” என்ற நம்பிக்கையில் இன்னொரு வருடத்தை இழக்கக் கூடாது என்பதையும் இந்தப் பதிலில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பேச்சு குழந்தைக்குத் தானாக வருகிறது. வீட்டில் நாலு பேர் பேசக் கேட்டாலே போதும். வாசிப்பு அப்படி வருவதில்லை. மனித குலம் எழுத்தைக் கண்டுபிடித்துச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்கென்று மூளையில் பிறப்பிலேயே அமைந்த பகுதி எதுவும் இல்லை. ஒலியைக் கையாளும் பகுதியும் உருவங்களை அடையாளம் காணும் பகுதியும் பயிற்சியின் மூலம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுத்தான் ஒவ்வொரு குழந்தையும் வாசகராகிறது. டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குச் சொல்லில் அடங்கியிருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து உணர்வதில் சிரமம் இருக்கிறது. “மரம் என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?” என்று வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள். அவன் வயதுக் குழந்தைகள் பலர் உடனே “ரம்” என்பார்கள். டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளில் பலருக்கு அந்தக் கேள்வியே குழப்பமாக இருக்கும். ஒலியே தெளிவாகப் பிரியாதபோது அதன்மேல் எழுத்தை ஒட்டவைப்பது கடினம். அதனால்தான் நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது. பள்ளிகளில் பலரும் நினைப்பதுபோல எழுத்துகள் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும் நோய் இது இல்லை. ஆங்கில எழுத்துகளை இடவலமாக மாற்றி எழுதுவது ஆறு, ஏழு வயதுவரை பல குழந்தைகளிடமும் காணப்படுவதுதான்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 1896-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் தேர்ந்தவன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், ஆனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியாதவன். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அந்தக் கட்டுரை குறிப்பிடுகிறது. நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும், உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களில் “கவனக்குறைவு” என்று சிவப்பு மையில் எழுதப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது. நூறு குழந்தைகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தச் சிரமம் இருக்கலாம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அப்படியானால் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில் உங்கள் மகன் தனியாக இருக்க வாய்ப்பே குறைவு.

இனி, தமிழ் வழிக்கு மாற்றலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இது நுட்பமான கேள்வி என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து பல விதமாக ஒலிக்கும். ஆங்கிலத்தின் முதல் எழுத்தான “ஏ”-யையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆப்பிள், கேக், கார் என்ற மூன்று சொற்களிலும் அது மூன்று விதமாக ஒலிக்கிறது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இதைவிட மிகவும் ஒழுங்கானது. இப்படி ஒழுங்கான எழுத்துமுறை உள்ள மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் காலப்போக்கில் ஓரளவு பிழையின்றி வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் எஞ்சி நிற்பது மெதுவான, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கூட்டி வாசிக்கும் வாசிப்பு. எனவே தமிழ் அவனுக்கு ஒப்பீட்டளவில் எளிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தமிழுக்கென்று சில தடைகள் உண்டு. 247 எழுத்துகளின் உருவங்கள் நினைவில் பதிய வேண்டும். இந்திய எழுத்துமுறைகளைக் கற்கும் குழந்தைகளுக்கு முழு எழுத்துத் தொகுதியும் வசப்படச் சாதாரணமாகவே பல ஆண்டுகள் ஆகின்றன என்பதைக் கன்னடக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. “கெ” என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது, ஆனால் அதன் ஒலி ககரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. “கொ” என்னும்போது ஓர் உயிரொலியின் குறி மெய்க்கு இரு புறமும் பிரிந்து நிற்கிறது. உகர, ஊகாரக் குறிகளோ கு, சு, து, கூ, பூ, தூ என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகின்றன. ககரம் கடல், பகல், தங்கம் என்ற சொற்களில் இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் வீட்டில் “வந்துட்டான்” என்று பேசுகிறான், புத்தகத்தில் “வந்துவிட்டான்” என்று இருக்கிறது. ஆகவே வாசிக்கும்போது காது பழகிய ஒலியும் கண் காணும் எழுத்தும் அவனுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. கொம்பையும் புள்ளியையும் விட்டுவிட்டுப் படிப்பதாக நீங்கள் எழுதியிருப்பது இதனால்தான் எனக்கு முக்கியமான தகவலாகப் படுகிறது. இரண்டு மொழியிலும் சிரமம் இருப்பது, வெறும் ஆங்கிலப் பழக்கமின்மையால் வந்த சிக்கல் இது இல்லை என்பதைக் காட்டுகிறது.

ஆகையால், பள்ளியை மாற்றியவுடன் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் மாற்ற வேண்டாம். பாடங்களை அவன் தன் மொழியில் கேட்டுப் புரிந்துகொள்வது பெரிய ஆறுதலாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் புதிய பள்ளியில் அவனுக்கு எழுத்தை ஒலியோடு சேர்த்துப் பொறுமையாகக் கற்பிக்க ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே தீர்மானிக்க வேண்டிய விஷயம். அப்படி ஒருவர் இருந்தால் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பார்க்காமல் அங்கே சேருங்கள். அதே வகுப்பில் இன்னொரு வருடம் போடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. பலன் தராத கற்பித்தலை இரண்டாம் முறை கேட்பதால் பலன் வராது. நண்பர்களை இழந்த அவமானம்தான் மிஞ்சும். டியூஷனுக்கும் இம்போசிஷனுக்கும் இதே பதில்தான். வாசிக்க முடியாத சொல்லை ஐம்பது முறை பார்த்து எழுதும் குழந்தை அதை ஒரு கோட்டோவியமாகத்தான் வரைகிறது, வாசிப்பதில்லை. அவனுக்குத் தேவை வேறு வகைப் பயிற்சி. அதே பயிற்சியின் அளவைக் கூட்டினால் பயன் இல்லை.

உங்கள் கணவரைப் பற்றி மாமியார் சொன்னதை மிகவும் கவனமாகப் படித்தேன். டிஸ்லெக்சியா குடும்பவழியாக வரும் தன்மை கொண்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. “அப்பனும் இப்படித்தான்” என்பது ஆறுதலாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் சீக்கிரம் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கான காரணம் அதுவே. அவர் எட்டாம் வகுப்போடு நின்றது தானாகச் சரியானதன் அடையாளம் ஆகாது. அவரிடம் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள். தன் வகுப்பறை நாட்களை நினைத்துப் பார்த்தால், தன் மகன் படும் பாட்டை இந்தக் குடும்பத்திலேயே நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர்தான். அடிப்பது மட்டும் இன்றோடு நிற்க வேண்டும். பயந்திருக்கும் குழந்தையின் மனம் அடி எப்போது விழும் என்பதிலேயே நிற்கும். ஏற்கெனவே எழுத்தைக் கூட்டவே போதாத கவனம் அப்போது மேலும் சிதறும். டிக்டேஷன் நாளில் வரும் வயிற்று வலியும் நடிப்பு இல்லை. பயத்தால் குழந்தைகளுக்கு உண்மையாகவே வயிறு வலிக்கும்.

பரிசோதனை பற்றிச் சொல்கிறேன். முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். லேசான கேள்திறன் குறைவுகூட ஒலிகளைப் பிரித்தறிவதைக் கெடுக்கும். பிறகு குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, மருத்துவ உளவியலாளருக்குப் பரிந்துரை வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் இதற்கு வழி கேட்கலாம். சென்னைக்கு வர முடியுமானால் முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் என்ற தொண்டு நிறுவனமும் நெடுங்காலமாக இதே பணியில் ஈடுபட்டிருக்கிறது. பரிசோதனையில் பொது நுண்ணறிவுத் தேர்வும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றை அளக்கும் தேர்வும் இருக்கும். பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய தேர்வுத் தொகுதி இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. தேர்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மையமாகக் கொண்டே நடப்பதால், தமிழில் அவன் எப்படி வாசிக்கிறான் என்பதையும் பார்க்குமாறு நீங்களே கேளுங்கள். கவனச் சிதறல் குறைபாடு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது அபூர்வமில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் “குறிப்பிட்ட கற்றல் குறைபாடு” என்பதும் ஒன்று. டிஸ்லெக்சியா அதில் அடங்கும். கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து தகுந்த கற்பித்தல் முறையைக் கையாள்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகு வழங்கப்படுவதால் உங்கள் மகனுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம். அது கையில் இருந்தால் பிற்காலத்தில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், அவன் சொல்வதை எழுதித் தர ஒருவர், மொழிப் பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கோர முடியும். சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று தயங்கும் பெற்றோர் பலர் இருக்கிறார்கள். “சோம்பேறி”, “மக்கு” என்ற பெயர்கள் சான்றிதழ் இல்லாமலே ஏற்கெனவே ஒட்டப்பட்டுவிட்டன; அவற்றைவிட உண்மையான பெயர் அவனுக்கு நன்மை செய்யும் என்பதே என் கருத்து.

வீட்டில் இன்றே தொடங்கக்கூடியதைச் சொல்கிறேன். டியூஷனில் செலவாகும் இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாகத் தினமும் இருபது நிமிடம் போதும். ஒரு நாளும் விடாமல் இருக்க வேண்டும், குரல் உயரக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் புத்தகமே வேண்டாம். “பந்து என்பதில் ப-வுக்குப் பதில் ச வைத்தால் என்ன?” “கடலில் கடைசியில் என்ன ஒலி?” என்று ஒலி விளையாட்டு விளையாடுங்கள். அடுத்து எழுத்து. பிள்ளைகள் “க கா கி கீ” என்று ராகமாக ஒப்பிப்பார்கள். ஆனால் “கூ” என்ற எழுத்தைத் தனியாக எடுத்துக் காட்டினால் முதலிலிருந்து ராகம் போட்டால்தான் அதன் ஒலி நினைவுக்கு வரும். உங்கள் மகனிடமும் இதைச் சோதித்துப் பாருங்கள். வரிசையாகக் கற்பிப்பதை விட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கு ஓர் உயிர்க்குறியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். “க்” என்ற ஒலியும் “எ” என்ற ஒலியும் சேர்ந்தால் “கெ” என்பதை அவன் வாயாலேயே இரண்டு ஒலிகளாகச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொல்லி, சொல்லிக்கொண்டே பெரிதாக எழுத வேண்டும். தட்டில் பரப்பிய அரிசியிலோ மணலிலோ விரலால் எழுதட்டும். கண், காது, வாய், கை நான்கும் ஒரே நேரத்தில் ஈடுபடும்போது ஒலிக்கும் உருவத்துக்கும் உள்ள தொடர்பு உறுதியாகப் பதிகிறது. கொம்புக் குறியை வண்ணப் பென்சிலால் எழுதினால் அதைத் தாண்டிப் போகாமல் நின்று பார்ப்பான். ல, ள, ழ வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் இப்போது தொடவே வேண்டாம். எழுத்துக்கூட்டுவது வசப்பட்ட பிறகு அவற்றுக்கு நேரம் இருக்கிறது.

அந்த வாரம் கற்ற எழுத்துகளை மட்டுமே கொண்ட சொற்களையும் இரண்டு மூன்று வரிகளையும் நீங்களே எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்தோ முதல் எழுத்தைப் பார்த்தோ ஊகித்தால் திட்டாமல் விரலை எழுத்தின்கீழ் வைத்து மறுபடி ஒலிக்கவையுங்கள். ஒரே பத்தியை மூன்று நான்கு நாள் திரும்ப வாசிப்பது வேகத்தைக் கூட்டும். புதிது புதிதாகக் கொடுப்பதைவிட அது நல்லது. ஆங்கிலத்துக்கும் வழி இதுவே. எழுத்தின் பெயரைச் சொல்லி ஸ்பெல்லிங் ஒப்பிக்கவைக்கும் பழக்கம் இந்தக் குழந்தைகளை மிகவும் வதைக்கிறது. “பி, ஏ, டி” என்று எத்தனை முறை சொன்னாலும் அவை சேர்ந்து “பேட்” என்று ஒலிக்காது. எழுத்தின் பெயரை ஒதுக்கிவிட்டு அதன் ஒலியைக் கற்றுக்கொடுங்கள். அமெரிக்க அரசு அமைத்த தேசிய வாசிப்புக் குழு 2000-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஒலியையும் எழுத்தையும் முறையாக இணைத்துக் கற்பிப்பது வாசிப்பில் திணறும் குழந்தைகளுக்கும் பலனளிக்கிறது என்றே கண்டது.

இந்தப் பயிற்சி பலன் தர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அவன் அறிவு பசியோடு இருக்கக் கூடாது. அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கைபேசியில் பதிவு செய்து வைத்தால் அவனே மறுபடி கேட்டுக்கொள்வான். இரவில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். எழுத்துத் தமிழின் சொற்களும் வாக்கிய அமைப்பும் காது வழியாக அவனுக்குப் பழகினால், பின்னால் அவற்றைப் பக்கத்தில் காணும்போது அந்நியமாக இருக்காது. பள்ளியில் ஆசிரியரைத் தனியே சந்தித்து, மூன்று கோரிக்கைகளை மட்டும் முன்வையுங்கள்: வகுப்பில் திடீரென எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம், கரும்பலகையில் எழுதுவதன் நகலைக் கொடுத்து உதவட்டும், பாடம் புரிந்ததா என்பதை வாய்மொழியாகவும் கேட்டு மதிப்பெண் இடட்டும். நாற்பது குழந்தைகளைச் சமாளிக்கும் ஆசிரியருக்கும் இவை சுமையாகாது. சண்டைக்குப் போவதுபோல் போகாமல், ஒலி விளையாட்டில் அவன் எங்கே தடுமாறுகிறான் என்று நீங்கள் கண்டதையும் எடுத்துச் சொன்னால் அவரும் உங்களோடு நிற்பார் என்று நம்புகிறேன்.

டிஸ்லெக்சியாவைப் போக்கும் மாத்திரை எதுவும் இல்லை. நினைவாற்றல் டானிக், மூளைத் தூண்டல் வகுப்பு, வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று பல விளம்பரங்கள் வரும். கண் பயிற்சியும் வண்ண லென்சும் டிஸ்லெக்சியாவுக்குப் பயன்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-இல் கூட்டாகவே அறிவித்தன. அந்தப் பணத்தைத் தேர்ந்த சிறப்பு ஆசிரியர் ஒருவருக்குக் கொடுங்கள்.

மகனிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள் என்பேன். தான் முட்டாள் என்று அவன் ஏற்கெனவே முடிவு செய்திருக்கக்கூடும். முடிந்தால் உங்கள் கணவரே சொல்லட்டும்: “எனக்கும் எழுத்துக்கூட்டறது கஷ்டமாத்தான் இருந்துச்சு, எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல, உனக்கு நாங்க இருக்கோம்.” பரிசோதனைக்குப் போகும்போது அவனுடைய இரண்டு மூன்று நோட்டுகளையும், முதல் வகுப்பிலிருந்து உள்ள ரேங்க் கார்டுகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். அறிக்கை வந்ததும், ஒலி விளையாட்டில் அவன் எங்கே தடுமாறினான் என்ற குறிப்போடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்த ஆறு மாதப் பயிற்சியை எந்த எழுத்துகளிலிருந்து தொடங்கலாம் என்பதை அதை வைத்து முடிவு செய்வோம்.